ரெனாட்டாவின் கைப்பிடி

கிளெண்டா ஃபேர் அறுபத்து மூன்று வயது வரை துப்பாக்கி எதையும் தொட்டதில்லை. தொடாததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவளுடைய அப்பா, ஊரே பட்டாளத்துக்குப் போன காலத்தில், ஆளைச் சுடமாட்டேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மலைக்காட்டு முகாமில் நான்கு வருஷம் மரக்கன்று நட்டவர். போரையே பாவம் என்று ஒதுக்குகிற ஊர் மென்னோனைட் கிறிஸ்தவச் சபையில் இன்றைக்கும் அவர் பேச்சு வரும். அப்படிப்பட்டவரின் பேத்தி கைத்துப்பாக்கி சுடுவதில் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கே முதலாவதாக வந்தால் சபையில் வேறு மாதிரிப் பேசுவார்கள். பேசினார்கள்.

அந்தப் பேத்தி ரெனாட்டா. கிளெண்டாவுக்கு ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. தன் அப்பா இறந்த பிறகு அம்மாவோடு அதே வீட்டில்தான் இருந்தாள். வீட்டின் கீழ்த்தளத்தில், இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பூட்டுப் போட்டு அந்தக் கைத்துப்பாக்கி இருந்தது. சின்ன ரவை போடுகிற, போட்டிக்கு மட்டுமே ஆகிற துப்பாக்கி. "காகிதத்தைத்தான் சுடறேன், காகிதத்துக்குப் பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?" என்பாள் ரெனாட்டா. கிளெண்டா சிரிக்க மாட்டாள். மகள் சுடுவதைப் பார்க்க ஒரு நாளும் போனதில்லை. பரிசுக் கோப்பைகளைக்கூட கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை, கிளெண்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ரெனாட்டா துப்பாக்கியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பயிற்சிக்குக் கிளம்புகிற நேரம். ரவை இல்லை, பூட்டு மாட்டியிருந்தது. முகத்தில் சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டுகிற களை.

"அம்மா, ஒரே ஒரு தடவை இதைப் பிடிச்சுப் பாரேன். சுட வேணாம். சும்மா பிடி."

"கை ஈரமா இருக்கு."

"தொடைச்சுட்டுப் பிடி. நான் நிக்கறேன்."

"எனக்கு வேலை கெடக்கு, ரெனாட்டா."

கிளெண்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் ஒரு கரண்டியை ஏற்கெனவே மூன்று முறை கழுவியாயிற்று, நான்காவது முறையாகக் கழுவினாள். பின்னால் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு வண்டி கிளம்புகிற சத்தம். பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் தரைப்பனி வீசத் தொடங்கியது. எதிரே தானியம் ஏற்றி வந்த லாரி ரெனாட்டாவின் கண்ணுக்குத் தெரிந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. வண்டி தீப்பிடித்துக்கொண்டது. அவள் அன்றைக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்த பிறகு மனசு விட்டுப்போய், அதைக் கீழே வைத்துப் பூட்டிவிட்டு, கிளப்பில் கணக்கு வழக்கு ஏதாவது பார்க்கலாம் என்று வெறும் கையோடுதான் போயிருக்கிறாள்.

சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அடக்கம் நடத்துகிறவர் நல்ல மனுஷன், கிளெண்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மகளை முன்பு பார்த்த மாதிரியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். முகத்தைப் பார்க்க முடியாதென்றால் போகட்டும், கையையாவது ஒரு தடவை பிடித்துவிட்டு வருகிறேன் என்று கிளெண்டா கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆகவே அவள் சவப்பெட்டி மூடியைத்தான் தொட்டாள். அதற்குப் பிறகு சபைக் கோவிலில் காபி, வெண்ணெய், ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இரட்டை பன். வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் பிடிக்க நினைத்த கை மட்டும் இல்லை.

டிசம்பரில் ஒரெஸ்ட் பாவ்லிக் வந்தார். துப்பாக்கி கிளப்பில் இருபது வருஷமாகப் பொறுப்பாளர், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ரெனாட்டாவுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்பதால் கிளெண்டாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் சட்டம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. செத்தவருடைய சொத்துக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் கிளெண்டா அந்தத் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம், ஆனால் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்றார். போலீசிடம் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். சுடவே முடியாதபடி குழாயை அடைத்து அலங்காரத்துக்கு வைக்கலாம். இல்லையென்றால் வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். முன்பென்றால் லைசென்ஸ் உள்ள யாருக்கும் கொடுக்கலாம். இப்போது கைத்துப்பாக்கி கைமாறுவதையே சட்டம் நிறுத்திவிட்டது. ஒலிம்பிக்கில் இருக்கிற போட்டிகளில் சுடுகிறவர், அதற்கு விளையாட்டுச் சங்கத்தின் கடிதம் வைத்திருப்பவர், அவருக்கு மட்டும்தான் விலக்கு.

"உருக்கட்டும்" என்றாள் கிளெண்டா.

உருக்கியிருப்பார்கள். ஜனவரியில் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து மிரேய் லாந்த்ரி கூப்பிட்டிருக்காவிட்டால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பெயர் கிளெண்டாவுக்குத் தெரியும். வருஷா வருஷம் தேசியப் போட்டியில் ரெனாட்டாவோடு மோதுகிறவள். ஒரு வருஷம் இவள் ஜெயித்தால் அடுத்த வருஷம் அவள். அவள் அங்கிருந்து காய்ந்த கடற்பாசி அனுப்புவாள், இவள் இங்கிருந்து சஸ்கட்டூன் பழ ஜாம் அனுப்புவாள். அந்தக் கடற்பாசியைத் தின்றால் படகைத் தின்ற மாதிரி இருக்கிறது என்று ரெனாட்டா சொல்லிக்கொண்டே முழுப் பொட்டலத்தையும் தின்றுவிடுவாள்.

மிரேய் போனில் ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசினாள், பிரெஞ்சு வாடை அடிக்கிற ஆங்கிலத்தில். தன்னுடைய துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தில் விரிசல் விட்டுவிட்டது, ஆகஸ்டில் தேசிய அணித் தேர்வு. ரெனாட்டா என்றைக்கோ சொன்னாளாம், நான் இதை விடுகிற அன்றைக்கு என் துப்பாக்கி உனக்குத்தான் என்று. இப்படிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, முடியாதென்றால் கோபப்பட மாட்டேன் என்றாள். கிளெண்டா யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தாள். மகள் வாய்விட்டுச் சொன்ன ஒரு விஷயம் இந்தப் பூமியில் மிச்சம் இருக்கிறது. அதைச் செய்யலாம். சாமான் வீட்டை விட்டு எப்படியும் போகத்தான் போகிறது. மகள் கடைசியாகக் கேட்டதைச் செய்யாத பாவத்துக்கு, இதையாவது செய்தோம் என்று இருக்கும். இந்த எண்ணத்தோடுதான் அவள் சரி என்றாள்.

ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கைத்துப்பாக்கி போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இறப்புச் சான்றிதழ், பொறுப்பாளர் என்று உறுதிசொல்லும் படிவம், மிரேயின் லைசென்ஸ் நகல், சங்கத்தின் கடிதம், அவளுடைய கிளப்பின் கடிதம். பிறகு துப்பாக்கிப் பதிவு அலுவலகத்துக்குப் போன். காத்திருக்கச் சொல்லிப் போனில் சங்கீதம் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் வந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாள். இப்போதைய உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டாள், கிளெண்டா சொன்னாள். தொடர்பு எண் கேட்டாள். கிளெண்டா வாய்ப்பழக்கத்தில் ரெனாட்டாவின் செல்போன் எண்ணைச் சொல்லிவிட்டாள், பத்து இலக்கமும். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த அதிகாரி இவள் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

துப்பாக்கியில் பொறித்திருக்கிற எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரெஸ்ட் வந்திருந்தார். அவர் சமையலறை மேஜையில் பெட்டியைத் திறந்து குனிந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கிளெண்டா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பனியைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாகப் போனில் திருப்பிச் சொன்னாள். அந்தப் பக்கம் மிரேய் தன் மாகாண அதிகாரியோடு இதே மாதிரி பேச வேண்டியிருந்தது. மார்ச் போனது, ஏப்ரல் போனது. கோதுமை விதைக்கிற நேரத்தில் அனுமதி வந்தது. வீட்டிலிருந்து தபால் நிலையம் வரை துப்பாக்கியைக் கொண்டுபோக ஒரெஸ்டுக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு தனிச் சீட்டும் வந்தது.

அந்த நாளில் அவர் காலையிலேயே வந்துவிட்டார். விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, அதற்கு மேல் எதுவும் எழுதாத அட்டைப்பெட்டி. கிளெண்டா வழக்கம்போலத் தொட்டியருகே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிளெண்டா, பூட்டறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துக்கறீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? பூட்டுங்க."

ஒரெஸ்ட் பூட்டவில்லை. தொண்டையைச் செருமினார். "கைப்பிடிய வேணா கழட்டி வைக்கட்டுமா? ஒரே ஒரு திருகாணிதான். அதுக்கு லைசென்ஸும் வேணாம், காயிதமும் வேணாம். வெறும் மரம்."

"எதையும் கழட்ட வேணாம். முழுசாப் போகட்டும். அதுல ஒரு திருகாணிகூட இந்த வீட்டுல தங்கக் கூடாது."

இந்த ஒரெஸ்ட் இருக்கிறாரே, அறுவடை இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை நிறுத்தமாட்டார். ஊரில் எவன் வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்பதுவரை பேசுவார். அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் வேண்டாம் என்கிறாள், ஆறாத துக்கம் அப்படித்தான் பேசும் என்று அவராகவே நினைத்துக்கொண்டு பூட்டிவிட்டார்.

தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய பார்சலாக அது போனது. பெட்டியின் சாவிகளைத் தனியாக அனுப்புவதுதான் வழக்கம் என்று ஒரெஸ்ட் சொன்னார். கிளெண்டா சாவிகளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்தாள். பெட்டியில் இடம் மிச்சம் இருந்தது. போன வருஷம் ரெனாட்டா பறித்த பழத்தில் போட்ட ஜாம் இரண்டு பாட்டில் இருந்தது, அதில் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்து நாளில் மிரேயிடமிருந்து இரண்டும் வந்து சேர்ந்தது என்று செய்தி வந்தது. அன்றிரவு கிளெண்டா பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அந்தச் சாமான் ஒழிந்தது, மகள் சொன்னதும் நடந்தது.

ஜூன் மாதம் கிளப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ரெனாட்டாவின் அலமாரியில் அவளுடைய காதுமூடி, கண்ணாடி, காலணி எல்லாம் அப்படியே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. கிளெண்டா முதல் தடவையாக அந்த இடத்துக்குள் கால் வைத்தாள். அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை, சுவரில் காகித வட்டங்கள், மூலையில் காபிப் பானை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிற கோவில் பின்கட்டு மாதிரியே ஒரு வாசனை. இதற்காகவா பத்து வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

அலமாரிக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தது. படத்தில் ரெனாட்டா வலது கையை நீட்டியபடி நிற்கிறாள், வாய் கொள்ளாத சிரிப்பு. கையில் துப்பாக்கி. விரல்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் என்னவோ மாவு பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றா இதுல?" என்று கேட்டாள் கிளெண்டா.

ஒரெஸ்டுக்குச் சந்தோஷம். கடைசியில் இவளும் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். விளக்கமாகச் சொன்னார். போட்டித் துப்பாக்கியின் கைப்பிடி கடையில் வாங்கினபடியே யாருக்கும் பொருந்தாது. மரத்தில் பசைமாவைப் பூசி, உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சுடுகிற மாதிரியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாவு இறுகும் வரைக்கும் அசையக் கூடாது. இறுகிய பிறகு கையை எடுத்தால் கை அப்படியே அதில் இருக்கும்.

"அப்படியேன்னா?"

"அப்படியேதான். விரல், எலும்பு முட்டு, உள்ளங்கை ரேகை, எல்லாம். ஒரு மணி நேரம் மரம் மாதிரி நின்னா உங்க பொண்ணு. நடுவுல மூக்கு அரிக்குதுன்னு என்னைச் சொறிஞ்சு விடச் சொன்னா, பாத்துக்கோங்க. கட்டைவிரலுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்குமே அவளுக்கு, அதுகூட அதுல அச்சா விழுந்துருச்சு. அதத் தேய்ச்சு எடுத்துரு, கையில உறுத்தும்னு சொன்னேன். கேக்கல. 'இருக்கட்டும், இது எங்கம்மா போட்ட கையெழுத்து'ன்னா."

கிளெண்டா அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தழும்பு ரெனாட்டாவுக்கு ஒன்பது வயதில் விழுந்தது. அடுப்பிலிருந்து பன் தட்டை எடுத்த கிளெண்டா, தொலைபேசி அடித்த அவசரத்தில், "இதக் கொஞ்சம் பிடி" என்று மகளிடம் நீட்டிவிட்டாள். குழந்தை துணி எடுக்கவில்லை. வெறும் கையால் பிடித்தது. கை வெந்தபோதும் கீழே போடவில்லை, அம்மா பிடிக்கச் சொன்னாளே என்று பிடித்துக்கொண்டே நின்றது. அன்று அம்மா பிடி என்றபோது மகள் பிடித்தாள். நவம்பரில் மகள் பிடி என்றபோது அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மகள் தன்னிடம் நீட்டியது துப்பாக்கியை இல்லை, தன் கையைத்தான் என்பது கிளெண்டாவுக்கு அந்தத் தகரக் கொட்டகையில்தான் புரிந்தது. ஆறு மாதம் அந்தக் கை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்திருக்கிறது. சமையலறை மேஜையில், நாலடி தூரத்தில் இருந்திருக்கிறது. ஒரு திருகாணிகூடத் தங்கக் கூடாது என்று தானே தன் வாயால் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஏன் ஒரெஸ்ட், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் கேட்டேனே. கழட்டி வைக்கட்டுமான்னு."

"கேட்டீங்க. சொல்லல."

ஒரெஸ்டின் முகம் ஒரே நிமிஷத்தில் கிழட்டு முகமாகப் போயிற்று. தான் செய்தது அவருக்கும் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மிரேயைக் கூப்பிட்டாள். அங்கே கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடும், இரவுச் சாப்பாட்டு வேளை, தட்டுச் சத்தம் கேட்டது. வழியெல்லாம் கிளெண்டா மனதுக்குள் ஏற்பாடு செய்துகொண்டே வந்திருந்தாள். கைப்பிடியை மட்டும் கழற்றி அனுப்பச் சொல்லலாம். அதற்குப் படிவம் இல்லை, அனுமதி இல்லை, யாரையும் கேட்க வேண்டாம். வெறும் மரம். மிரேய்க்குப் புதிதாக ஒன்று இவளே வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

"மிசஸ் ஃபேர், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரொம்ப அழகா சுடுது அது. போன ஞாயித்துக்கிழமை..."

"மிரேய், அந்தக் கைப்பிடி. பழைய கைப்பிடி. அது இருக்கா?"

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது. யாரையோ வெளியே போகச் சொல்லி அவள் பிரெஞ்சில் சொல்வது கேட்டது, கதவு மூடியது.

"இருக்கு" என்றாள். "ஆனா வந்த அன்னைக்கே அரம் போட்டுட்டேன், மிசஸ் ஃபேர்."

கிளெண்டா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். அடுத்தவங்க கை இருக்கற பிடியில சுட முடியாது. மேல இருக்கறதத் தேய்ச்சுட்டு நம்ம மாவப் பூசுவோம். உங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியாது. முழுசாப் போகட்டும்னு நீங்க சொன்னதா ஒரெஸ்ட் சொன்னார். அதனால..."

"சொன்னேன். நான்தான் சொன்னேன்."

"அரம் எடுக்கறதுக்கு முன்னால என் கைய வச்சுப் பாத்தேன். அவ கை பெரிசு, என் கை உள்ள லொடலொடன்னு ஆடிச்சு. கொஞ்ச நேரம் அப்படியே வச்சுக்கிட்டு அழுதேன். அப்புறம்தான் தேய்ச்சேன்."

"கட்டைவிரலுக்குக் கீழ ஒரு கோடு மாதிரி இருந்திருக்குமே."

"இருந்துச்சு" என்றாள் மிரேய். "மாவு சரியா இறுகாம விரிசல் விட்டிருக்குன்னு நெனச்சேன். அதத்தான் மொதல்ல தேய்ச்சேன்."

கிளெண்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தப் பெண்ணைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டுவதற்கு அவள் என்ன செய்தாள்? தன் தொழிலில் எல்லாரும் செய்கிறதைச் செய்தாள். ஒரெஸ்ட்? அவர் கேட்கவாவது கேட்டார். சட்டம், அதிகாரி, படிவம், ஒன்றின்மீதும் பழிபோட இடமில்லை. ஒவ்வொருவரும் சொல்லவேண்டியதைச் சொல்லி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போட்டு, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவள் ஒருத்திதான்.

"நான் இத அனுப்பிடறேன்" என்று மிரேய் அழுதாள். "இப்பவே கழட்டி அனுப்பிடறேன். அடியில எங்கயாவது அவ கை கொஞ்சம் இருக்கும்."

"இப்ப அதுல உன் கை இருக்கும்மா. அத வாங்கி நான் என்ன பண்ண? ஆகஸ்டுல என்னத்த வச்சு சுடுவ நீ?"

"மிசஸ் ஃபேர்..."

"நல்லா சுடுதுன்னு சொன்னியே. நெஜமாவா?"

"ஆமா."

"அப்ப சரி. அவளுக்கு அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். தனக்குப் போதாது என்பதைச் சொல்லவில்லை. பிறகு கோட்டோடு தரையில் உட்கார்ந்து, பெற்றவள் அழுகிற அழுகை அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அன்றைக்குக் கை போய்விட்டது என்று நம்பினாள். கை இருந்தது என்று தெரிந்துகொண்டு இழப்பது வேறு.

ஜூலையில், பழம் பழுக்கிற சமயத்தில், ஒரு சின்னப் பார்சல் வந்தது. தபால்காரி மணி அடித்தபோது கிளெண்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். கத்தியால் நாடாவை அறுத்துப் பார்த்தால், மேலே ஒரு பொட்டலம் காய்ந்த கடற்பாசி. அதற்குக் கீழே அவள் அனுப்பிய அதே ஜாம் பாட்டில், சுத்தமாகக் கழுவி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி. உள்ளே கால் பாட்டில் அளவுக்குப் பழுப்பு நிறத் தூள்.

கூட ஒரு கடிதம். மிரேய் குட்டிக் குட்டி எழுத்தில் எழுதியிருந்தாள். அரம் போட்ட அன்றைக்குக் கீழே செய்தித்தாள் விரித்திருந்தாளாம். தேய்த்து முடித்த பிறகு அந்தத் தூளைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அந்தச் செய்தித்தாளிலேயே மடித்து வைத்து, ஜாம் தீர்ந்ததும் பாட்டிலில் போட்டு வைத்தாளாம். என்னுடையது இதில் கலக்கவில்லை, நான் மாவு பூசுவதற்கு முன்பே கூட்டி எடுத்துவிட்டேன், இதில் இருப்பது முழுக்க அவள்தான் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், இதை அனுப்புவது சரியா தவறா என்று மூன்று வாரம் யோசித்தேன், தவறென்றால் மன்னித்துவிடுங்கள் என்று இருந்தது.

கிளெண்டா பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தாள். மாவு எது, மரம் எது, ரேகை எது, அந்தத் தழும்பு இதில் எந்தப் பிடித் தூள், ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திருகப் போனாள். விரல் வழுக்கியது. கையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

பாட்டிலைக் கீழே வைத்தாள். அடுப்பருகே தொங்கிய துணியை எடுத்து, உள்ளங்கையைத் துடைத்தாள், புறங்கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதற்கு அடியிலும் துடைத்தாள். துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து துடைத்தாள். வலது கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், ஈரம் இல்லை.

பிறகு மூடியைத் திறந்து, பாட்டிலைச் சாய்த்து, வலது உள்ளங்கையை நீட்டினாள்.

"கை காஞ்சிருச்சு, ரெனாட்டா" என்றாள். "இப்பக் குடு."